ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு: மூன்று பருவங்களும் பிள்ளைக்கு எப்படிப் போகும்?

கேள்வி: கரிசல்மகள்

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டியை அடுத்த ஒரு கரிசல் கிராமத்தில் வசிக்கிறோம். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் தீப்பெட்டி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அங்கன்வாடிக்குப் போய்வரும் எங்கள் மகளுக்கு மே மாதத்தோடு ஐந்து வயது நிறைகிறது. ஜூனில் முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

ஊருக்குள் மாதா கோயிலை ஒட்டி அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை, தமிழ்வழி, கட்டணம் இல்லை, தலைமையாசிரியை ஒரு சிஸ்டர். இதை விட்டால் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆங்கிலவழி நர்சரிப் பள்ளிதான். காலை ஏழரைக்கே வேன் வந்துவிடும். கட்டணமும் வேன் வாடகையும் சேர்த்தால் ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குக் குறையாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், எங்கள் வீடு அந்தப் பள்ளிக்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

நாங்கள் இந்துக்கள். அங்கே சேர்த்தால் பிள்ளை நம் சாமியை மறந்துவிடுவாள் என்று மாமியார் வருந்துகிறார். எனக்குள்ள கவலை படிப்பைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பு முடித்து வெளியே வரும்போது அவள் தடையில்லாமல் வாசிப்பாளா, ஆங்கிலத்தில் பின்தங்கிவிடுவாளா என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. பள்ளி நடக்கும் நாட்களில் ஒரு குழந்தையின் பொழுது அங்கே எப்படிப் போகிறது, முதல் வகுப்பில் பருவத்துக்குப் பருவம் என்ன கற்கிறது, செபம், மாதா கோயில் பூசை, மறைக்கல்வி எனப்படும் கிறிஸ்தவ சமயப் பாடம் ஆகியவற்றில் மற்ற மதத்துப் பிள்ளைகள் எந்த அளவுக்குச் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பணிநிறைவு ஆசிரியை

வணக்கம் அம்மா. பாளையங்கோட்டை மறைமாவட்டத்துப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியையாக 25 ஆண்டுகளும், தலைமையாசிரியையாக 6 ஆண்டுகளும் பணியாற்றினேன். நான் துறவி அல்லள். பிள்ளை பெற்று வளர்த்த குடும்பத்துக்காரி. அதனால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

முதலில் பள்ளியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கு அரசு ஊதியம் தருகிறது. ஆசிரியர்களை நியமிப்பதும் நிருவாகம் செய்வதும் திருச்சபை. பெரும்பாலும் பங்குத்தந்தையே, அதாவது அந்த ஊர்க் கோயில் பங்கின் குருவே, தாளாளராக இருப்பார். அவருக்கு மேல் மறைமாவட்டத்தின் ஆர்.சி. பள்ளிகள் கண்காணிப்பாளர் இருப்பார். ஆனால் பாடநூல் அரசின் பாடநூல்தான்; வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்வையிடுவதும் மற்றப் பள்ளிகளைப் போலத்தான். புத்தகம், நோட்டு, சீருடை, மதிய உணவு எல்லாம் உங்கள் மகளுக்கு விலையில்லாமல் கிடைக்கும். சிஸ்டர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காகத் தனிப் பாடத்திட்டம் ஒன்று இருப்பதாக எண்ண வேண்டாம்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஜூன் மாதத்தின் முதல் இரண்டு மூன்று வாரங்கள் எழுத்துக்கு உரியவை அல்ல, அழுகைக்கு உரியவை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை உள்ளே அழைத்துவந்து, பாட்டுப் பாடி, களிமண் உருட்டக் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவருவதே அப்போதைய பாடம். பிறகுதான் எழுத்து. நான் எப்போதும் ட, ப, ம என்ற மூன்றில் தொடங்குவேன். கோடும் வளைவுமாக எழுத எளியவை என்பதோடு, புள்ளி வைக்கக் கற்றவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நொடியில் ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்காகவே இத்தனை ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். கணக்குக்குப் புளியங்கொட்டைதான், பத்துப் பத்தாகக் குவித்துவைக்கும்போதே ஒன்றும் பத்தும் விளங்கிவிடும்.

கொரோனாவால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியை நிரப்ப 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சி நூலைக் கொடுப்பார்கள். ஒரே வகுப்பில் ஒரு குழந்தை எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும், இன்னொன்று வாக்கியம் படிக்கும். இதைக் கண்டு பதற வேண்டாம். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைப் பருவத்துக்கு ஒருமுறையாவது ஆசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டாம் பருவம், அதாவது காலாண்டு விடுமுறை முடிந்து டிசம்பர் வரை உள்ள காலம், என் அனுபவத்தில் மிக முக்கியமானது. அப்போதுதான் கொம்பும் காலும் வருகின்றன. 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் வேறு, 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் வேறு என்று ஒலியாலும் வரிவடிவாலும் பிள்ளை பிரித்தறிய வேண்டும். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்பிக்கொண்டு மூன்றாம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளைகள் உண்டு; அவர்களுக்குப் பிறகு எந்தப் பாடமும் ஏறுவதில்லை. எகர, ஒகரக் குறிலையும் நெடிலையும் புள்ளியால் மட்டும் வேறுபடுத்திய பழைய முறையை மாற்றி, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் என்று படித்திருப்பீர்கள். அவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டி உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் இருக்கும் ஆர்.சி. பள்ளியில் ஒரு பிள்ளை ஏ-யும் ஓ-வும் தெரியாமல் போகக் கூடாது என்று என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

மூன்றாம் பருவத்தில் சிறு வாக்கியங்களை வாசிப்பதும், சொல்வதைக் கேட்டு எழுதுவதும் வந்துவிட வேண்டும். ஏப்ரலில் உங்கள் மகள் பேருந்தின் ஊர்ப்பலகையைத் தானே படித்தால் ஆண்டு வீணாகவில்லை.

மதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி, உறுதிமொழி ஆகியவற்றோடு ஒரு செபமும் இருக்கும். உணவுக்கு முன்னும் சிறு செபம் சொல்வார்கள். பிள்ளை அவற்றைக் காதால் கேட்பாள், சில நாளில் வாயாலும் சொல்வாள். இதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. மறைக்கல்விப் பாடவேளை கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். மாதத்தின் முதல் வெள்ளியில் நடக்கும் தலைவெள்ளிப் பூசைக்கும், அக்டோபர் மாத ஜெபமாலைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைகளை அழைத்துப்போவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து அவர்களில் சிலர் புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை பெறுவதற்கு, தயாராவார்கள்; அது முழுக்கப் பங்கின் பொறுப்பு. அரசியலமைப்புச் சட்டத்தின் 30(1) கூறு இப்பள்ளிகளை நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 28(3) கூறு, அரசு உதவி பெறும் நிறுவனத்தில் பாதுகாவலரின் இசைவின்றி எந்தச் சிறுவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. எனவே உங்களுக்கு எது வேண்டாமோ அதைச் சேர்க்கையின்போதே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். இதுவரை எந்தச் சிஸ்டரும் அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பதில்: வைப்பாற்றங்கரை

ஆசிரியை அம்மா சொன்னதற்குமேல் படிப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நாங்களும் இந்துக் குடும்பம்தான். மகள் இப்படி ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்து இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். மகன் அதே பள்ளியில் நான்காம் வகுப்பில் இருக்கிறான். ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டீர்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் தாய்மார் காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், ஒரு டீயும் ரொட்டியுமாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளே மிகுதி. பதினொரு மணிக்குப் பிள்ளைகள் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே இருந்தது. 2024-ஆம் ஆண்டு காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 அன்றுதான் ஊரகப் பகுதிகளிலுள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அன்றிலிருந்து என் மகன் என்னை முந்திக்கொண்டு வாசலில் நிற்கிறான். மதியம் கலவை சாதமும் முட்டையும் உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் மாமியாருக்காக ஒன்றைச் சொல்கிறேன். தவக்காலம் தொடங்கும் நாளைச் சாம்பல் புதன் என்கிறார்கள்; எங்கள் ஊர்ப் பழைய கிறிஸ்தவப் பெரியவர்களோ விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். அன்று காலை பூசைக்குப் போய்வந்த பிள்ளைகள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகன் வழக்கம்போல் திருநீற்றுப் பட்டையோடு போயிருந்தான். "உன்னுடையது ஏன் கறுப்பு, என்னுடையது ஏன் வெள்ளை?" என்று பக்கத்துப் பையனிடம் கேட்டிருக்கிறான். சிஸ்டர் இருவரையும் அழைத்து, அது சென்ற ஆண்டுக் குருத்தோலையை எரித்த சாம்பல், இது பசுஞ்சாணத்தை எரித்த சாம்பல், இரண்டுமே மனிதன் ஒருநாள் சாம்பலாவான் என்பதை நினைவூட்டுகிறவை என்று சொன்னாராம். அன்று மாலை அவன் இதை என் தந்தையிடம் ஒப்பித்தபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சிஸ்டரை ஒருநாள் பார்க்க வேண்டும்" என்றார்.

ஆகஸ்ட் 15 அங்கே இரட்டைத் திருநாள். காலையில் கொடியேற்றம் முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்ட கையோடு, கத்தோலிக்கக் குடும்பங்கள் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்குக் கிளம்பிவிடும்; எங்களைப் போன்றவர்களும் தேர் பார்க்கப் போவோம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதற்காகப் பிள்ளைகள் தட்டுகளில் கேழ்வரகு தூவி, தினமும் நீர் தெளித்து முளைக்கவைப்பார்கள். என் மகள் அதைப் பார்த்துவிட்டு, நம் அம்மன் கோயில் முளைப்பாரியைப் போலவே இருக்கிறது என்று சொல்லி, எவ்வளவு ஈரம் வேண்டும் என்று வகுப்பில் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

பதில்: சிறுமலை அடிவாரம்

நான் கத்தோலிக்கன், என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தினர் பங்குப் பள்ளியில் படித்தவர்கள். இருந்தும் மாறான அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் என் மகனை நம்பிக்கையோடு சேர்த்தேன். அவன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆசிரியை ஓய்வு பெற்றார். அந்த இடம் நிரம்பவே இல்லை. மீதமிருந்தவர் முதல் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு தம்மால் இயன்றதைச் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பின் அரையாண்டு விடுமுறையில் என் மகனிடம் நாளிதழைக் கொடுத்து ஒரு தலைப்பைப் படிக்கச் சொன்னேன். அவன் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொல்லை ஊகித்தான். அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. படிப்பதைப் போல நடிக்கத் தெரிந்திருந்தது. அன்றிரவு நானும் மனைவியும் அழுதோம்.

விழாவுக்கான நடன ஒத்திகைக்கும் வரவேற்புப் பாட்டுக்கும் வாரக்கணக்கில் பாடவேளைகள் போனதையும் பிறகுதான் கவனித்தேன். அடுத்த கல்வியாண்டில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு மாற்றினோம். அங்கிருந்த ஆசிரியர் மாலையில் அரைமணி நேரம் தனியாக உட்காரவைத்துப் பழக்கி, ஓராண்டில் அவனை வாசிக்கவைத்தார். பள்ளியின் பெயரையும் கோயிலையும் சிஸ்டர்களின் அன்பையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

பதில்: பணிநிறைவு ஆசிரியை

சிறுமலை அடிவாரம் ஐயா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அவர் சொல்வது உண்மை. ஓர் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று கணக்கிடுகிறது. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் என்ற நிலை இதிலிருந்துதான் வருகிறது. உதவி பெறும் பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலியிடத்தில் நிருவாகம் ஒருவரை நியமித்தாலும், அரசின் ஒப்புதல் கிடைக்கும் வரை அவருக்கு அரசு ஊதியம் வராது. பங்கிலிருந்து கொடுக்கும் சிறு தொகையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த இளம் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் பொறுக்க முடியாமல் போய்விடுவார்கள். அந்த வகுப்பு அநாதையாகிவிடும்.

ஒத்திகை பற்றிய குறையையும் ஏற்கிறேன். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது மாலை மூன்றரைக்கு முன் ஒத்திகை கூடாது என்று கண்டிப்பாக இருந்தேன். அதனால் சிலருக்கு என்மேல் வருத்தமும் இருந்தது.

ஆகவே கரிசல்மகள் அம்மா, சேர்க்கைக்கு முன் ஒரு வேலைநாளில் பள்ளிக்குப் போங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், வரும் ஆண்டில் ஓய்வு பெறுகிறவர் உண்டா, முதல் வகுப்பை யார் எடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, பாடப் புத்தகம் அல்லாத ஏதேனும் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே பாடமாக இருக்கிறது. ஆனால் பேச்சு ஆங்கிலம் இங்கே எளிதில் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பில் ஆங்கிலவழிக்கு மாற்றினால் முதல் அரையாண்டு திணறுவாள். தாய்மொழியில் தடையின்றி வாசிக்கும் பிள்ளை அதைக் கடந்துவிடும். எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் மூழ்கும். மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு போய்விடுமோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. அது ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பதைப் பார்ப்பது. தொடக்கப்பள்ளி எதுவாக இருந்தாலும் அதனால் பாதிப்பில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1844-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குருவான துப்புயி அடிகள் ஒரு சிஸ்டர்கள் சபையைத் தொடங்கியது பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத்தான். அந்த நோக்கத்தை இன்றும் மனத்தில் வைத்திருக்கும் சிஸ்டராக உங்கள் ஊர்த் தலைமையாசிரியை இருந்தால், உங்கள் மகள் நல்ல கையில்தான் இருப்பாள்.

பதில்: கரிசல்மகள்

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளோடும் மாமியாரோடும் பள்ளிக்குப் போய்வந்தேன்.

மொத்தம் 94 பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒருவரே பார்க்கிறார். முதல் வகுப்புக்குத் தனி ஆசிரியை இருக்கிறார், அவர் ஓய்வு பெறப் பல ஆண்டுகள் உள்ளன. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டேன். சிஸ்டர், "ஒருத்தியை நான் காட்டினால் நன்றாகப் படிப்பவளைத்தான் காட்டுவேன், நீங்களே கூப்பிடுங்கள்" என்றார். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, என் பையிலிருந்த வார இதழைக் கொடுத்தேன். 'கோடை' என்பதைக் 'கொடை' என்று படித்துவிட்டு, தானே நிறுத்தி, விரலை எழுத்தின்மேல் வைத்துப் பார்த்து, திருத்திப் படித்தாள். இரட்டைக்கொம்பு பற்றி நீங்கள் எழுதியிராவிட்டால் அதை நான் கவனித்திருக்க மாட்டேன். மெதுவாகத்தான் படித்தாள். ஆனால் யார் முகத்தையும் பார்க்காமல் படித்தாள்.

மாமியார் இன்னும் முழுமனத்தோடு இல்லை. செபத்தின்போது பிள்ளை கைகூப்பி நின்றால் போதும், பூசைக்கு அழைத்துப்போக வேண்டாம் என்று சொன்னார். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி சிஸ்டர் கேட்டார். விண்ணப்பத்தோடு இணைத்து வைத்துக்கொள்வாராம். இதற்குள் என் மகள் முதல் வகுப்பறைக்குள் நுழைந்து தரையில் உட்கார்ந்து, யாரோ விட்டுச்சென்ற புளியங்கொட்டைகளைக் குவித்துக்கொண்டிருந்தாள். ஏழு வரை எண்ணிவிட்டு ஒன்பதுக்குத் தாவினாள். எட்டை அந்த ஆசிரியை நினைவுபடுத்தினார்.

பிறப்புச் சான்றிதழின் நகலும் ஆதார் நகலும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேன்காரரிடம் இடம் பிடிக்க வேண்டாம் என்று இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன்.